எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் உளவளத்துணையாளர் யாரிடம் பேசுவது?

பிறகு வாசிக்க வருபவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். கேட்டிருப்பவர் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கம், உளவளத்துணை (கவுன்சலிங்) வேலை செய்யும் ஒரு தங்கச்சி. வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையாளர் இருந்தார், இப்போது இல்லை. பக்கத்துப் பிரதேசங்களில் இதே வேலை செய்யும் இரண்டு பேருடன் மாதம் ஒருமுறை கூடி, சிக்கலான கேஸ்களைப் பற்றிப் பேசலாமா, அது இரகசியத்தை மீறுவதாகிவிடுமா என்று கேட்கிறார். அதோடு, துணைநாடிகள் (உதவி நாடி வருபவர்கள்) இரவில் போன் எடுக்கிறார்கள், கோயிலில் கண்டால் வந்து பேசுகிறார்கள், ஒருவர் தயிர்ச் சட்டி கொண்டு வந்து தந்தார், இப்போது சின்னம்மா முறையான ஒருவரே உதவி கேட்டு வந்திருக்கிறார், "நான் எல்லை தெரியாமல் நடக்கிறேனா?" என்றும் எழுதியிருக்கிறார்.

இது இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. நகரத்தில் இருக்கும் உளவளத்துணையாளருக்குத் தூரம் உதவி செய்கிறது. அறையை விட்டு வெளியே போனால் துணைநாடியை அவர் மறுபடி காண்பதில்லை. நமக்கு அந்த வசதி கிடையாது. தூரத்தை வைத்து எல்லையைக் காக்க முடியாத இடத்தில் வேறு எதை வைத்துக் காப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. என் பதில், சக தொழிலாளியிடம் ஒழுங்காகப் பேசுவதை வைத்து என்பது. ஆகவே நீங்கள் கேட்ட முதல் விஷயம்தான் இரண்டாவதற்கும் மருந்து.

நான் சுனாமிக்குப் பிறகான வருடங்களில் இந்த வேலைக்கு வந்தவள். அந்தக் காலத்தில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் முழுக்க உளசமூகப் பணி என்று நிறையப் பேர் வந்தார்கள், பயிற்சி தந்தார்கள், திட்டம் முடிந்ததும் போனார்கள். பிறகு ஆஸ்பத்திரிகளிலும் பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் தங்கி வேலை செய்தது இந்த மண்ணின் ஆட்கள்தான். அவர்களிலும் பலர் அதே அலையில், அதே போரில் ஆட்களை இழந்தவர்கள். நான் சொல்லப்போவது இந்த வேலைக்குள்ளிருந்து வந்தது. நான் உளமருத்துவரோ சட்டத்தரணியோ அல்ல. மருந்து பற்றியோ சட்டப் பொறுப்பு பற்றியோ வரும் இடங்களில் உரிய ஆளிடம் கேளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஆம், கூடிப் பேசலாம், பேசத்தான் வேண்டும். உலகத்தில் இந்தத் தொழிலை ஒழுங்காக நடத்தும் எந்த இடத்திலும் ஆலோசகர் தனியாக விடப்படுவதில்லை. பிரிட்டனில் பிஏசிபி என்ற ஆலோசகர் சங்கம், தன்னிடம் அங்கீகாரம் பெற்றவர்கள் மாதம் ஒன்றரை மணி நேரமாவது மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது. புதியவர், பழையவர் என்ற பேதம் அதில் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக் கோவையும் சக தொழிலாளியிடம் ஆலோசனை கேட்பதை அனுமதிக்கிறது, இரண்டு நிபந்தனையோடு. துணைநாடியின் சம்மதம் இல்லாமல் ஆளை அடையாளம் காட்டும் விவரம் எதையும் சொல்லக்கூடாது. ஆலோசனைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கைக்கொண்டால் நீங்கள் இரகசியத்தை மீறவில்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். மேற்பார்வையாளருக்கு உங்கள் வேலையில் பொறுப்பு இருக்கிறது. அவர் "இதை நிறுத்துங்கள்" என்று சொல்லலாம், நீங்கள் கேட்க வேண்டும். சகாக்கள் அப்படி அல்ல. அவர்கள் சொல்வது யோசனை, முடிவும் பொறுப்பும் உங்களுடையது. "நாங்கள் மூன்று பேரும் பேசித்தான் செய்தோம்" என்பது நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் உங்களுக்குக் கவசம் ஆகாது. அதனால் மூத்த ஒருவரை, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்தாலும் பரவாயில்லை, சூம் வழியாகவாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் மூவரோடும் இருக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இனி, நம் பக்கத்துக்கே உரிய கஷ்டம். பெயரை மாற்றிச் சொன்னால் போதும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் அது போதவே போதாது. ஊர் பெயரைச் சொல்லி, புருஷன் கட்டாரில் இருக்கிறார், மூத்த பிள்ளை சுனாமியில் போனது, தங்கச்சி பாடசாலையில் படிப்பிக்கிறார் என்று நான்கு விவரம் சொன்னால், கேட்பவர் பெயர் தெரியாமலே வீட்டு வாசலுக்குப் போய்விடுவார். எந்தக் குடி (தாய்வழிக் குலம்), கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) யார், எந்தப் பள்ளிவாசல் மஹல்லா (சுற்றுவட்டம்), எந்தச் சந்தி என்று ஆட்களை வைத்து ஆட்களைக் கண்டுபிடிப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். கல்யாணம் பேசும்போது நல்லதாக இருக்கும் அந்தத் திறமை இங்கே ஆபத்து.

நான் செய்வது இது. கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு தாளில் என் கேள்வியை ஒரே வசனத்தில் எழுதிக்கொள்வேன். "இந்தப் பெண் ஒவ்வொரு முறையும் அழத் தொடங்கும்போது நான் ஏன் பேச்சை மாற்றுகிறேன்?" என்பது போல. பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் வர எந்த விவரம் கட்டாயம் வேண்டும் என்று பார்ப்பேன். புருஷன் வெளிநாட்டில் இருப்பது முக்கியமென்றால் எந்த நாடு என்பது முக்கியமில்லை. இழப்பு முக்கியமென்றால் அது கடலிலா, ஷெல்லிலா என்பதுகூடச் சில நேரம் தேவையில்லை. வயதை ஒரு வீச்சாகச் சொல்லலாம். ஊரைச் சொல்லவே வேண்டாம். இப்படி வெட்டிக்கொண்டு வந்தால் கேள்வியும் தெளிவாகும். பல தடவை, எழுதி முடிக்கும்போதே பாதி விடை வந்துவிடுகிறது.

அப்படியும் கேட்பவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டால்? உடனே சொல்ல வேண்டும் என்று முதல் நாளிலேயே மூவரும் ஒத்துக்கொள்ளுங்கள். "எனக்கு ஆள் தெரியும் போல இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும். சொன்னதும் அந்தக் கேஸை நிறுத்திவிட வேண்டும், யார் என்று உறுதிப்படுத்தவும் கூடாது, மறுக்கவும் கூடாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்து கேட்பதுதான் பெரிய துரோகம். இந்தக் காரணத்துக்காகவே, மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்துப் பிரதேசம் என்பது எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. வாழைச்சேனைப் பக்கமிருந்தோ அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தோ நான்காவது ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், மிக நெருக்கமான கேஸை அவரிடம் தனியாகக் கேட்கலாம்.

துணைநாடிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். முதல் அமர்விலேயே, இரகசியம் பற்றிச் சொல்லும் இடத்தில், மறைக்காமல் சொல்லுங்கள். நான் பெரும்பாலும் இப்படிச் சொல்வேன்: "நீங்க சொல்றத நான் வீட்டிலயோ ஊரிலயோ ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன். ஆனா எனக்கே வழி தெரியாம நிக்கிற நேரம், இதே வேலை செய்ற வேற ஆக்களிட்ட, உங்கட பேரும் ஊரும் சொல்லாம யோசனை கேப்பன். உங்களுக்கு நல்ல உதவி கிடைக்கத்தான் அது. அதில ஏதும் பயம் இருந்தா இப்பவே சொல்லுங்க." பெரும்பாலானவர்கள் தலையசைப்பார்கள். சிலர் "இன்ன ஆபீஸில் இருக்கிற இன்னாருக்கு மட்டும் போகக்கூடாது" என்பார்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் குழுவில் இருந்தால் அந்தக் கேஸ் குழுவுக்கு வரவே கூடாது.

வட்ஸ்அப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். குழுவுக்கு ஒரு வட்ஸ்அப் குரூப் இருக்கட்டும், அதில் எந்தத் திகதி, எத்தனை மணி, எங்கே என்பது மட்டும் இருக்கட்டும். கேஸ் விவரம், குரல் பதிவு, ஃபைலின் படம் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் போனைப் பிள்ளைகள் எடுத்து விளையாடுகிறார்கள், மச்சான் வாங்கிப் பார்க்கிறார். போன் திருத்தக் கொடுத்த கடையில் என்ன நடக்கும் என்று தெரியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட வகையாக வைத்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பும் இது நம் கடமையாகத்தான் இருந்தது.

எப்படிக் கூடுவது என்று வருவோம். சும்மா கூடினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தேத்தண்ணி வரும், இடமாற்றம் பற்றிப் பேச்சு வரும், பிறகு "இப்படி ஒரு கேஸ் எனக்கும் வந்தது" என்று ஒருவர் தொடங்குவார், கூட்டம் முடிந்துவிடும். ஒரு முறை தேவை. நான் நம்புவது பாலின்ட் குழு என்ற முறை. மைக்கேல் பாலின்ட் ஹங்கேரியில் பிறந்த மனப்பகுப்பாய்வாளர். 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில், மனைவி ஈனிட் பாலின்டோடு சேர்ந்து, சாதாரணக் குடும்ப வைத்தியர்களை உட்கார வைத்து இதை வளர்த்தார். ஒருவர் குறிப்பு எதையும் பார்க்காமல் ஒரு கேஸைச் சொல்வார். மற்றவர்கள் விளக்கம் கேட்கலாம், அறிவுரை சொல்லக்கூடாது. பிறகு சொன்னவர் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். மற்றவர்கள் அந்தத் துணைநாடிக்கு உள்ளே என்ன நடந்திருக்கும், இவருக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று தங்களுக்குள் பேசுவார்கள். கடைசியில் அவர் திரும்பி வந்து, எது தொட்டது என்று சொல்வார்.

அந்தப் பேசாமல் இருக்கும் நேரம்தான் இந்த முறையின் உயிர். நாம் உதவி கேட்டாலும் கேட்டவுடனே நம்மை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுகிறோம். வாயைத் திறக்க முடியாதபோதுதான் காது திறக்கிறது. குறிப்பு இல்லாமல் சொல்வதற்கும் காரணம் உண்டு: எதை மறந்தேன், எந்த இடத்தில் குரல் மாறியது என்பதெல்லாம் தகவல். தொண்ணூறு நிமிடத்தில் இரண்டு கேஸ் தாராளமாகப் பார்க்கலாம். மூவராக இருந்தால் ஒருவர் நேரம் பார்க்கும் பொறுப்பையும் எடுக்கட்டும், அது மாதா மாதம் மாறட்டும். முடிவில் கொப்பியில் திகதி, கேள்வி, என்ன செய்வதாக முடிவெடுத்தேன், இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள்.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். ஹரோல்ட் ஸேர்ல்ஸ் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1955 இல் எழுதியது: துணைநாடிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையில் நடப்பது, சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலும் திரும்ப நடக்கிறது. குழுவிலும் இதைக் காணலாம். யாரையும் நெருங்க விடாத ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது, சொல்பவர் எந்த யோசனையையும் ஏற்கமாட்டார், மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். "நமக்கு இப்போது ஏன் எரிச்சல் வருகிறது?" என்று கேட்டால் கேஸ் திறக்கும். ஆனால் இது ஊகம்தான், நிரூபிக்கப்பட்ட விதி அல்ல. சில நேரம் எரிச்சலுக்குக் காரணம் மதியச் சாப்பாடு பிந்தியதாகவும் இருக்கலாம். அதை வைத்துத் துணைநாடியின் மனதை வாசித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

உங்கள் பொறுப்பதிகாரியைக் குழுவில் சேர்க்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இடமாற்றமும் சம்பள உயர்வும் அவர் கையெழுத்தில் இருக்கும்போது யாரும் தங்கள் தடுமாற்றத்தை உள்ளபடி சொல்லமாட்டார்கள். அதிகாரிகள் சில நேரம் "இன்றைக்கு வந்த அந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை?" என்று நல்லெண்ணத்தோடேயே கேட்பார்கள். உதவி தரும் நிறுவனம் படத்தோடு வெற்றிக் கதை கேட்கும். எத்தனை பேர் வந்தார்கள், எந்த வகைப் பிரச்சினை என்ற எண்ணிக்கையைக் கொடுக்கலாம், கதையைக் கொடுக்கக்கூடாது. இதைத் தனி ஆளாகச் சொல்வது கஷ்டம். மூவரும் ஒரே பதிலைச் சொல்லத் தொடங்கினால், அது உங்கள் பிடிவாதமாகத் தெரியாமல் தொழிலின் வழக்கமாகத் தெரியத் தொடங்கும்.

சரி, எல்லைகள். தயிர்ச் சட்டியை வாங்கியது தப்பா? 1993 இல் தோமஸ் குட்ஹெய்ல், க்ளென் கபார்ட் என்ற இரண்டு உளமருத்துவர்கள் ஒரு பயனுள்ள பிரிவைச் செய்தார்கள். எல்லையைத் தாண்டுவது வேறு, எல்லையை மீறுவது வேறு. தாண்டுவது வழக்கத்திலிருந்து விலகுவதுதான், அது துணைநாடிக்கு நன்மையாகக்கூட இருக்கலாம். மீறுவது அவரைச் சுரண்டுவது, காயப்படுத்துவது. அமெரிக்கச் சங்கத்தின் கோவைகூட ஒருவரோடு இரண்டு வகை உறவு இருப்பதையே குற்றம் என்று சொல்லவில்லை. உங்கள் பார்வையைக் கெடுக்கும், அவருக்குத் தீங்கு வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தால்தான் தவறு என்கிறது. சின்ன ஊர்களில் வேலை செய்பவர்கள் இதைப் படித்தால் மூச்சு வரும்.

தயிர்ச் சட்டி, அறுவடை முடிந்ததும் கொஞ்சம் நெல்லு, வலை இழுத்த வீட்டிலிருந்து நாலு மீன், நோன்புப் பெருநாளுக்கு வட்டிலாப்பம். இவற்றைக் கையை நீட்டித் தடுப்பது நம் ஊரில் முகத்தில் அடிப்பது போல. வாங்கலாம். எப்போது தருகிறார், ஏன் இப்போது என்று யோசித்துக்கொண்டு வாங்க வேண்டும். வேலை முடிந்து நன்றியாகத் தருவது ஒன்று. போன கிழமை உங்களோடு கோபித்துப் போனவர் இந்தக் கிழமை தயிர் கொண்டு வந்தால் அது வேறொன்று, அதைப் பற்றி மெதுவாகப் பேச வேண்டும். வறுமையில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் கொண்டு வந்தால், "நீங்க வாறதே எனக்குப் போதும்" என்று நிறுத்த வேண்டும். முடிந்தால் அலுவலகத்தில் எல்லோருக்கும் பகிருங்கள். உங்கள் தனிச் சொத்தாக வீட்டுக்குப் போகாதது ஒரு நல்ல வேலி.

செத்த வீட்டுக்குப் போகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் போவேன், ஊர் மனுஷியாகப் போய், ஊர் மனுஷியாக இருந்துவிட்டு வருவேன். அங்கே துணைநாடியோடு தனியாகப் போய் உட்காருவதில்லை. மாமாங்கத்துத் தீர்த்தத்திலோ கல்லடிக் கடற்கரையிலோ கண்டால் என்ன செய்வது என்பதை முதல் அமர்விலேயே பேசிவிடலாம்: "நான் முதல்ல பேசமாட்டன், உங்களத் தெரியாத மாதிரி இருந்தா கோவிக்க வேணாம். நீங்க பேசினா நானும் பேசுவன், ஆனா சுகம் விசாரிக்கிறதோட நிப்பாட்டுவம்." இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், நீங்கள் பேசாமல் போனதை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்.

ஒருபோதும் கூடாதவை கொஞ்சம்தான், அவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. துணைநாடியோடு பாலியல் உறவோ காதலோ கூடாது. அமெரிக்கக் கோவை பழைய துணைநாடி விஷயத்தில் குறைந்தது இரண்டு வருட இடைவெளி சொல்லி, அதற்குப் பிறகும் மிக அபூர்வமாகவே இடம் தருகிறது. நம் ஊரில் இரண்டு வருடத்தில் எந்த உறவும் முடிந்துபோவதில்லை, ஆகவே என் கணக்கில் அது எப்போதும் இல்லை. பணம் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. நுண்கடனில் மூழ்கிய பெண்கள் அழுதுகொண்டு கேட்கும்போது மனம் இளகும்தான். நீங்கள் ஐயாயிரம் கொடுத்தால் அடுத்த கிழமை அவர் வராமல் போவார், கொடுக்க முடியாத வெட்கத்தில். அவரை உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடுவதுதான் உங்கள் வேலை. சீட்டும் அப்படித்தான். துணைநாடி பிடிக்கும் சீட்டில் சேராதீர்கள், நீங்கள் பிடிக்கும் சீட்டில் அவரைச் சேர்க்காதீர்கள். அவரை உங்கள் வீட்டு வேலைக்கும் வைக்காதீர்கள்.

இரவுப் போனுக்கு வேலைக்கென்று தனி சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதை முதலிலேயே சொல்லுங்கள், இரவில் எங்கே அழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது, கிட்டிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. நீங்கள் ஒருவர்தான் தாங்குகிறீர்கள் என்று அவர் நம்பத் தொடங்கினால், உங்களுக்குக் காய்ச்சல் வரும் நாளில் அவர் விழுவார்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். எல்லை பற்றி எத்தனை விதி படித்தாலும், மீறும் நேரத்தில் அது மீறலாகத் தெரியாது. அன்பாகத் தெரியும், விசேட கேஸாகத் தெரியும். "இவர் மற்றவர்கள் போல இல்லை, இவருக்கு மட்டும்" என்ற எண்ணத்தோடுதான் வரும். அமர்வு பத்து நிமிடம் நீளும், பிறகு அலுவலக நேரத்துக்குப் பின் போகும், பிறகு நம் சொந்தக் கவலையை அவரிடம் சொல்லத் தொடங்குவோம். ஒவ்வொரு அடியும் சின்னது, ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கும். இதைத் தனியாக இருந்து கண்டுபிடிப்பது ஏறத்தாழ முடியாத காரியம். நான் இளையவர்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்றுதான்: குழுவில் எந்தக் கேஸைச் சொல்ல உங்களுக்கு மனமில்லை? அல்லது, சொல்லும்போது எந்த விவரத்தை விட்டுவிடுகிறீர்கள்? கஷ்டமான கேஸை நாம் ஓடிப்போய்ச் சொல்வோம். "இதில் பேச ஒன்றுமில்லை, நல்லாத்தான் போகிறது" என்று நாம் கடந்துபோகும் கேஸில்தான் எல்லை கரைந்துகொண்டிருக்கும். அடுத்த மாதம் அதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் கேட்பவர்கள் வெட்கப்படுத்தாமல் கேட்க வேண்டும். வெட்கப்படுத்தினால் அடுத்த தடவை மறைப்பார். அதேநேரம் கூட்டாளித்தனத்துக்காகக் கண்ணை மூடவும் கூடாது. மூன்று நண்பர்கள் கொண்ட குழுவின் பெரிய பலவீனம் இதுதான், ஒருவரை ஒருவர் தடவிக்கொடுத்துவிடுவார்கள். மூத்தவர் ஒருவர் இடைக்கிடை வர வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

இனி, நிச்சயமில்லாத விஷயங்கள். சகாக்களோடு கூடுவது ஆலோசகரின் தனிமையைக் குறைக்கிறது, வேலையில் நிலைத்திருக்க உதவுகிறது என்பதை அனுபவமும் பல ஆய்வுகளும் சொல்கின்றன. அதனால் துணைநாடி சீக்கிரம் சுகமாகிறாரா என்றால், மேற்பார்வை பற்றியேகூட வலுவான சான்று குறைவு. ஆகவே "இதைச் செய்தால் கேஸ் வெற்றி" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மற்றவர் துயரைக் கேட்டுக் கேட்டு வரும் களைப்புக்கும் பல பெயர்கள் இருக்கின்றன. 1990களில் மெக்கன், பேர்ல்மன் என்ற உளவியலாளர்கள் ஒரு பெயர் வைத்தார்கள், சார்ள்ஸ் ஃபிக்லி என்ற உளவியலாளர் இன்னொன்று வைத்தார். அவை ஒன்றோடொன்று எவ்வளவு கலக்கின்றன என்பதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உங்களுக்கு வேண்டியது அறிகுறி: நித்திரை போவது, துணைநாடியின் கதை கனவில் வருவது, வராத நாளில் நிம்மதியாக இருப்பது, வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது.

அந்த அறிகுறிகள் சில கிழமைகளாக இருந்தால் குழு அதற்குரிய இடம் அல்ல. அங்கே சொல்லலாம், சிகிச்சையை வைத்தியரிடமோ வேறு ஆலோசகரிடமோதான் பெற வேண்டும். 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, உதவிக்கு ஓடியவர்களிலும் தங்கள் ஆட்களை இழந்தவர்கள் இருந்தார்கள். அப்படியான நேரத்தில் குழுவாக உட்கார்ந்து நடந்ததை ஒவ்வொருவராக விவரமாகச் சொல்ல வைக்காதீர்கள். சம்பவம் நடந்தவுடன் ஒரே அமர்வில் அப்படிச் சொல்ல வைப்பது பிற்கால மனவடுவைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை, உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. சாப்பாடு, நித்திரை, வேலைப் பங்கீடு, கூட இருப்பது, அவ்வளவு போதும். பேச விரும்புகிறவர் பேசட்டும்.

மாதக் கூட்டம் வரை வைத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. தற்கொலை எண்ணம், பிள்ளைக்கு நடக்கும் துஷ்பிரயோகம், உயிராபத்துள்ள வீட்டு வன்முறை. அன்றைக்கே மனநல வைத்திய அதிகாரியிடம் பேசுங்கள், பிள்ளை விஷயத்தில் 1929, பெண்கள் விஷயத்தில் 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றம் இல்லை. பொலிஸ் கேஸாகிவிடும் என்ற பழைய பயத்தில் யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயங்க வேண்டாம். குழுவில் பிறகு பேசலாம், நீங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்பதைப் பற்றி.

குழுவில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்திருந்தால் நல்லது என்பது என் தனிப்பட்ட கருத்து. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ வேலை செய்பவருக்கு உங்கள் ஊர்க் குடும்பங்கள் தெரியாது, உங்களுக்கு அவருடையது தெரியாது. இரகசியத்துக்கு அதுவே பாதுகாப்பு. இத்தா (கணவன் இறந்தபின் அல்லது விவாகரத்துக்குப் பின் முஸ்லிம் பெண்கள் இருக்கும் காத்திருப்புக் காலம்) இருக்கும் பெண்ணைப் பற்றி நீங்கள் விளங்காமல் நிற்கும்போது அவர் சொல்வார். அம்மன் சடங்கில் உரு வருவதை (சாமி வந்து ஆடுவதை) அவர் நோயென்று எடுக்கப் போகும்போது நீங்கள் சொல்வீர்கள். 1990 இல் இரண்டு சமூகத்திலும் நடந்த கொலைகளின் நினைவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, அவை கேஸ் வழியாகக் குழுவுக்குள் வரும், வரும்போது கனமாக இருக்கும். ஆனால் 1996 இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கி இரண்டு சமூகத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக விளையாட வைத்தார்கள். வளர்ந்த நாம் மாதம் ஒருமுறை ஒரு மேசையில் இருக்க முடியும்.

கடைசியாக உங்கள் சின்னம்மா. அவரை நீங்கள் எடுக்க வேண்டாம். அவர் சொல்லப்போவதில் பாதி உங்கள் அம்மாவைத் தொடும், மீதி உங்களைத் தொடும். அடுத்த கல்யாண வீட்டில் நீங்கள் இருவரும் ஒரே பந்தியில் இருப்பீர்கள். அவருக்காக வேறு ஆளைத் தேடுவதுதான் அவருக்குச் செய்யும் உதவி. மறுப்பது போல் இல்லாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சின்னம்மா, நான் உங்கட மகள் மாதிரி. மகளிட்ட சொல்லேலாத விஷயமும் உங்களுக்கு இருக்கும். அதெல்லாம் மனம் விட்டுச் சொல்ல ஒரு ஆள் வேணும். எனக்கு நம்பிக்கையான ஒருத்தர் கல்முனையில இருக்கிறா, நானே பேசி நாள் எடுத்துத் தாறன், பஸ்ஸில கூடவும் வாறன். நீங்க அவவிட்ட என்ன கதைச்சீங்க எண்டு நான் கேக்கமாட்டன்." நாள் எடுத்துக் கொடுத்து, முதல் முறை வாசல் வரை போய் விடுங்கள். உள்ளே போக வேண்டாம். வெகு தூரம் போக முடியாது, வேறு ஆளே கிடைக்கவில்லை என்ற நிலை வந்தால், ஒன்றிரண்டு முறை, இன்ன விஷயத்துக்கு மட்டும் என்று வரையறுத்துப் பாருங்கள், அதையும் முதல் நாளே குழுவில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.